சபையை விட்டு வந்தவர்களுக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்: முப்பது நாள் காத்திருக்கலாமா?

சேவை: சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் கீழ் சார்பதிவாளர் முன்னால் நடக்கும் திருமணம்
பகுதி: வட சென்னை (ராயபுரம், செம்பியம், திருவொற்றியூர் போன்ற சார்பதிவாளர் அலுவலகங்கள்)
மதிப்பெண்: 5-க்கு 4

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் தெருவுக்கு ஒரு கிறிஸ்தவ சபை. அதில் சில ரொம்பக் கட்டுப்பாடானவை. நகை கூடாது, சினிமா கூடாது, காய்ச்சலுக்கு மாத்திரை கூடாது, சபைக்கு வெளியே சம்பந்தம் கூடவே கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவர், உபதேசம் மனசுக்கு ஒப்பாமல் விலகினால் முதலில் இராப்போஜனம் (ஆராதனையில் பகிரும் அப்பமும் ரசமும்) நிற்கும். பிறகு 'பின்மாற்றம்' என்ற பேர் வரும். இவ்வளவையும் தாங்கிக்கொள்கிறவர்கூட கல்யாணம் என்று வரும்போது திகைத்து நின்றுவிடுகிறார். பழைய சபை லெட்டர் தராது. லெட்டர் இல்லாமல் வேறு சபை ஓலை, அதாவது ஆலயத்தில் சொல்லும் கல்யாண அறிவிப்பு, வாசிக்காது. மண்ணடிப் பக்கம் ஜமாத்தோடு முரண்பட்டு வந்தவருக்கும் இதே கதைதான். ஜமாத் கடிதம் இல்லாமல் நிக்காஹ் தப்தரில் (பள்ளிவாசலின் திருமணப் பதிவேட்டில்) பேர் ஏறாது.

இவர்களுக்கு நம்பிப் போகக்கூடிய ஒரே கவுண்ட்டர், சிறப்புத் திருமணச் சட்டத்தின் கவுண்ட்டர். காரணம் எளிது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள திருமண அறிவிப்புப் படிவத்தில் பேர், மணமாகாதவரா விதவையா விவாகரத்தானவரா என்ற நிலை, தொழில், வயது, இருப்பிடம், நிரந்தர முகவரி, எவ்வளவு நாளாக அங்கே குடியிருக்கிறார் என்ற கட்டங்கள்தான் இருக்கின்றன. மதத்துக்குக் கட்டமே கிடையாது. திருமணத்தன்று கையெழுத்திடும் உறுதிமொழியிலும் மதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதற்கு முன்பிருந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி இல்லை. 'நான் கிறிஸ்தவரோ இந்துவோ முஸ்லிமோ அல்ல' என்ற ரீதியில் எழுதிக் கொடுத்தால்தான் அதில் கல்யாணம். 1954-இல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். நம்பிக்கை விஷயத்தில் பொய் சொல்ல மனசில்லாமல் வெளியே வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வந்தவருக்குத்தான் தெரியும்.

ஆனால் பதிவு அலுவலகங்களைச் சுற்றி இதற்கு எதிரான சரக்கு ஒன்று விற்பனையாகிறது: 'ஒரே நாளில் பதிவுத் திருமணம்.' ஜெராக்ஸ் கடையிலும் பத்திரம் எழுதும் மேஜையிலும் ஃபேஸ்புக் விளம்பரத்திலும் இதைப் பார்க்கலாம். உள்ளே நடப்பது இதுதான். இரண்டு பேரில் இந்து அல்லாதவருக்கு ஒரு மதமாற்றச் சான்றிதழ் எழுதப்படும். ஒரு கோயிலில் தாலி கட்டி ரசீது வாங்கப்படும். பிறகு இந்து திருமணச் சட்டத்தில் பதிவாகும். சிறப்புத் திருமணச் சட்டம் கேட்கும் முப்பது நாள் காத்திருப்பு மிச்சம். இதற்கு நாங்கள் தரும் மதிப்பெண் பூஜ்ஜியம்.

ஏன் என்றால், இந்து திருமணச் சட்டப்படி இருவரும் இந்துவாக இருந்தால்தான் அது கல்யாணம். ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில், கிறிஸ்தவ ஆணுக்கும் இந்துப் பெண்ணுக்கும் கோயிலில் தாலி கட்டி, பதிவும் செய்த திருமணம் செல்லாது என்று 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனசில் நடக்காத மதமாற்றத்தைக் காகிதத்தில் மட்டும் காட்டியவரின் கல்யாணம், பின்னால் சொத்துத் தகராறு வந்தால் இந்த இடத்தில்தான் அடிவாங்கும். சடங்கே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினாலும் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-இல் இன்னொரு தீர்ப்பும் வந்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். அருமையான முறை. ஆனால் அதற்கு இடம் தரும், இந்து திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 7-ஏ பிரிவும் இரண்டு இந்துக்களுக்கு நடுவில் நடக்கும் கல்யாணத்துக்கு மட்டும்தான். சபையில் பிறந்து, சபையை விட்டு, எந்த மதத்திலும் சேராமல் நிற்பவரை அது தாங்காது.

இனி வேலை நடக்கும் விதம்.

பதிவுத் துறையின் டிஎன் ரெஜிநெட் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு இருவரும் நேரில் போக வேண்டும். இருவரில் ஒருவராவது அறிவிப்பு கொடுக்கும் நாளுக்கு முன்னால் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயதுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அல்லது பிறப்புச் சான்றிதழ், முகவரிக்கு ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் அளவு போட்டோ. முன்பே மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் அல்லது துணையின் இறப்புச் சான்றிதழ்.

இங்கே அதிகம் மாட்டுவது பேர். வீட்டில் கூப்பிடும் பேர், ஞானஸ்நானத்தில் வைத்த பேர், பள்ளியில் கொடுத்த பேர் என்று மூன்று ஓடும். ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பும். அறிவிப்பு கொடுப்பதற்கு முன்பே ஆதாரைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஒத்ததாகத் திருத்திக்கொள்வது நல்லது. ஞானஸ்நானப் பேரை எங்கும் எழுத வேண்டியதில்லை. மருந்தும் ஆஸ்பத்திரியும் கூடாது என்ற வீடுகளில் பிரசவமும் வீட்டிலேயே நடந்திருக்கும். பிறப்பே பதிவாகியிருக்காது. அவர்கள் புதிதாகப் பிறப்புப் பதிவு வாங்க அலையாமல் மார்க் ஷீட்டைக் கொண்டு போவதே சுருக்கமான வழி. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் பிறந்து, காகிதம் மட்டும் அப்பா அம்மாவிடம் மாட்டிக்கொண்டிருந்தால் மாநகராட்சி இணையதளத்தில் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துவிடலாம். வீட்டில் கெஞ்ச வேண்டியதில்லை.

அறிவிப்பு கொடுத்தவுடன் அது அலுவலகத்துப் பலகையில் ஒட்டப்படும். முப்பது நாள் தொங்கும். இது அரசாங்கம் வாசிக்கும் ஓலை. ஆலயத்தில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், இங்கே முப்பது நாள் ஒட்டுகிறார்கள். வித்தியாசம், ஆலயத்தில் கேட்பவர்கள் வாழ்த்துவார்கள். இங்கே தேடி வந்து படிப்பவர் யார் என்று தெரியாது. அறிவிப்புப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஒரு மதிப்பெண்ணை இங்கேதான் குறைத்தோம். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், ஜோடி விரும்பினால் மட்டும் ஒட்டினால் போதும் என்று தீர்ப்பு சொன்னது. அது உத்தரப் பிரதேசத்துக்கு. சென்னைக்காரர்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

சபைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க, பையன் குடியிருக்கும் வேறு மாவட்டத்தில் அறிவிப்பு கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் பலிக்கும். பெண்ணின் நிரந்தர முகவரி தண்டையார்பேட்டை என்று இருந்தால், அறிவிப்பின் நகல் அந்த முகவரிக்குரிய திருமண அலுவலருக்கும் போய், அங்கேயும் பலகையில் ஏறும். நகல் போவது அலுவலகத்துக்குத்தான், வீட்டுக்கு அல்ல. வீட்டுக்குத் தபால் அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. அப்படி அனுப்பும் வழக்கத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2009-லேயே தவறு என்று சொல்லியிருக்கிறது. யாராவது 'வீட்டுக்கு லெட்டர் போகும்' என்று பயமுறுத்தினால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

ஆட்சேபனை வந்தால்? நான்கே காரணம்தான் எடுபடும். ஏற்கெனவே உயிரோடிருக்கும் துணை, சம்மதம் தரும் மனநிலை இல்லாமை, வயது, விலக்கப்பட்ட உறவு. 'சபையை விட்டு ஓடிவந்தாள்', 'ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை', 'ஜமாத் விலக்கி வைத்தது' எதுவும் ஆட்சேபனை அல்ல. ஆட்சேபனை வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அலுவலர் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு. வேண்டுமென்றே தொல்லை கொடுத்தவருக்கு அலுவலர் 1,000 ரூபாய் வரை செலவுத் தொகை விதிக்கலாம். 1954-இல் அது பெரிய தொகை. இன்று பயமுறுத்தாது.

அந்த நான்காவது காரணம் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள், எல்லாமே இந்தச் சட்டத்தின் விலக்கப்பட்ட உறவுப் பட்டியலில் இருக்கின்றன. 'எங்கள் வழக்கம்' என்றால் மட்டும் போதாது. அந்த வழக்கத்தை அரசு கெஜட்டில் அறிவித்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். முறைப்பெண்ணைக் கட்டுகிறவர்கள் இந்தக் கவுண்ட்டருக்கு வந்தால் திரும்பிப் போக நேரிடும்.

தேதிக் கணக்கில் தவறு செய்கிறவர்கள் நிறையப் பேர். ஜூன் 2-ஆம் தேதி அறிவிப்பு என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாள் முடிந்து ஜூலை 3 அல்லது அதற்குப் பின் கல்யாணம். அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் தொடங்கும்போதே, முடித்துவிட வேண்டும். தாண்டினால் அறிவிப்பு செத்துவிடும், முதலிலிருந்து பலகை. அம்மா மனசு மாறுவார் என்று காத்திருப்பவர்கள் ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் இழுப்பதுண்டு. ஆகஸ்ட் முதல் வாரத்தைத் தாண்ட வேண்டாம். சர்வர் ஒருநாள் படுத்தாலும் அடுத்த நாள் மிச்சமிருக்கும்.

கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும். உறவு, பக்கத்து வீடு, சிநேகிதம் எல்லாமே சபைக்குள் இருந்தவருக்குக் கஷ்டமான இடம் இது. வெளியே வந்தவுடன் போன் புத்தகமே காலியாகிவிடும். சாட்சி சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, எந்த மதமாகவும் இருக்கலாம். கூட வேலை பார்ப்பவர், கல்லூரித் தோழி, வீட்டு உரிமையாளர் போதும். உறுதிமொழியிலும் சான்றிதழ்ப் புத்தகத்திலும் அவர்கள் கையெழுத்து வேண்டும் என்பதால் அசல் அடையாள அட்டையோடு முடியும்வரை இருக்க வேண்டும். நான்காவதாக ஒருவரையும் சொல்லி வையுங்கள். கடைசி நிமிடத்தில் பாஸ்டர் போன் வந்து பின்வாங்கும் சாட்சி உண்டு.

சடங்கு உங்கள் இஷ்டம். தாலி, மோதிரம், மாலை, ஒன்றுமே இல்லை, எதுவானாலும் சரி. கட்டாயம் ஒன்றே. அலுவலரும் மூன்று சாட்சிகளும் கேட்க, 'இவரைச் சட்டப்படி என் மனைவியாக ஏற்கிறேன்', 'கணவராக ஏற்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். இருவருக்கும் புரியும் எந்த மொழியிலும் சொல்லலாம். தமிழில் சொல்லுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சபையில் கல்யாணம் ஆகி, பிறகு ஜோடியாக வெளியே வந்தவர்களுக்கு இதே கவுண்ட்டரில் இன்னொரு கதவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, திருமணம் நடத்திவைக்கும் பாஸ்டர் அதிகாரம் பெற்ற ஒரு திருச்சபையின் குருவாகவோ, அரசு லைசென்ஸ் பெற்றவராகவோ இருக்க வேண்டும். தனிச் சபை பாஸ்டர்கள் எல்லாரிடமும் லைசென்ஸ் இருப்பதில்லை. வெளியே வந்தபின் கல்யாண லெட்டரும் கிடைக்காது, பாஸ்போர்ட்டில் துணை பேர் சேர்ப்பதிலிருந்து இன்ஷூரன்ஸ் வரை முட்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதற்குத்தான். ஏதோ ஒரு முறையில் கல்யாணம் நடந்து அன்றிலிருந்து கணவன் மனைவியாக வாழ்ந்துவர வேண்டும். பதியும் நேரத்தில் இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெண்ணுக்கும் 21 என்பதைக் கவனியுங்கள். வேறு துணை இருக்கக் கூடாது. அந்த மாவட்டத்தில் இருவரும் 30 நாளாவது இருந்திருக்க வேண்டும். இதற்கும் 30 நாள் பொது அறிவிப்பு, மூன்று சாட்சிகள். சபை லெட்டர் இல்லாவிட்டால் கல்யாண போட்டோவும் பத்திரிகையும் கொண்டு போங்கள். பழைய சடங்கு நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் சட்டப்படியான பிள்ளைகளாகவே கருதப்படுவார்கள்.

சொத்தில் ஒரு மாற்றம் வரும், அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும். இந்தச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் இந்து இதில் மணந்தால் அந்தக் கூட்டிலிருந்து பிரிந்தவராகிறார். இருவருமே இந்து என்றால் மட்டும் இந்த இரண்டும் பொருந்தாது. 1976-இல் அப்படித் திருத்தினார்கள்.

சாதிச் சான்றிதழை இந்தக் கவுண்ட்டர் தொடாது. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர், சபையை விட்டதால் மட்டும் பழைய சான்றிதழைத் திரும்பப் பெற முடியாது. பழைய சாதிக்கு ஆதாரம், மதம் திரும்பியதற்கு ஆதாரம், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம் மூன்றும் வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் திரும்புவதை 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 'சாதி மதம் அற்றவர்' சான்றிதழ் தாசில்தார் வேலை. 2019-இல் திருப்பத்தூரில் ஒரு வழக்கறிஞர் வாங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதை வாங்குகிறவர் இடஒதுக்கீட்டை விட்டுவிடுகிறார் என்பதால் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் நிதானமாக யோசிக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பின் சான்றளிக்கப்பட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றைச் சபையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். 'பெண்ணைக் காணோம்' என்று காவல் நிலையத்தில் புகார் போனால் முதலில் காட்ட வேண்டியது அதுதான். பெண்கள் உதவி எண் 181. இன்னொரு நாளுக்கும் அந்த நகல் வேண்டும். உடலை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும், அல்லது ஜெபம் எதுவும் இல்லாமல் மூலக்கொத்தளத்தில் எரிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதி வைத்திருந்தாலும், இறந்த அன்று கேட்கப்படுவது நெருங்கிய உறவின் சம்மதம். சான்றிதழ் இல்லாத துணையைத் தள்ளிவிட்டு, விட்டு வந்த சபையே பெட்டியோடு வந்து நிற்கும். சான்றிதழ் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கணவர் அல்லது மனைவி.