வெரிகோஸ் வெயினுக்கு ஊசியா, லேசரா, ஆபரேஷனா? நான் ஏன் ஊசி பக்கம்

கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு இருக்குன்னோ, தொடையில முட்டிக்குப் பின்னாடியெல்லாம் சிவப்பும் நீலமுமா கோடு கோடா படர்ந்திருக்குன்னோ டாக்டர்கிட்ட போனா நாலு வழி சொல்லுவாங்க. காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங்ஸ் போட்டு சமாளிக்கிறது, நரம்பை மூடுற மருந்தை ஊசியில போடுறது, லேசர் இல்லன்னா ரேடியோ அலையால நரம்பைச் சூடாக்கி மூடுற ரேடியோ ஃப்ரீக்வன்சி, அப்புறம் பழைய ஸ்ட்ரிப்பிங் ஆபரேஷன். எனக்கு கோடு கோடா படர்ற ஸ்பைடர் வெயினும் அதுக்கு அடியில கொஞ்சம் தடிச்ச நீல நரம்பும் இருந்துச்சு, ஊசிதான் போட்டுக்கிட்டேன், இன்னைக்கு மறுபடி கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு தெரிஞ்சே படிங்க.

ஸ்டாக்கிங்ஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. வலி, கனம், சாயங்கால வீக்கம் எல்லாம் குறையும், ஆனா கழட்டுனா எல்லாம் பழையபடிதான், இருக்குற நரம்பு எதுவும் மறையாது. கர்ப்பமா இருக்குறவங்களுக்கு அதுதான் வழி, ஏன்னா மத்த எதையும் பொதுவா பிரசவம் முடிஞ்ச பிறகுதான் பண்ணுவாங்க. ஸ்ட்ரிப்பிங்னா தொடை இடுக்குல வெட்டி முழு நரம்பையும் உருவி எடுக்குறது, லேசர் வந்த பிறகு நிறைய இடத்துல அது பின்னுக்குப் போயிடுச்சு. நான் அதைப் பண்ணிக்கல, அதனால அதோட வலி எப்படின்னு என்னால சொல்ல முடியாது.

உண்மையான போட்டி ஊசிக்கும் லேசருக்கும்தான், அதுலயும் முதல்ல நரம்போட சைஸ் பார்க்கணும். 1 மில்லிமீட்டருக்கும் கம்மியா தோல்லயே தெரியுறது ஸ்பைடர் வெயின், 1-லேர்ந்து 3 வரைக்கும் நீலமா ஓடுறது ரெட்டிகுலர் வெயின், நிக்கும்போது 3 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் இருந்து புடைச்சு நெளிஞ்சு தெரியுறதுதான் வெரிகோஸ். லேசர்லயும் ரெண்டு வகை இருக்கு, நிறைய பேர் இதைக் குழப்பிக்கிறாங்க. தோலுக்கு மேல அடிக்கிறது ஒண்ணு, நரம்புக்கு உள்ளயே ஃபைபர் விட்டு சுடுறது இன்னொண்ணு. ஸ்பைடர் வெயினுக்கு ஊசியோட போட்டி போடுறது மேல அடிக்கிற லேசர்தான். அங்க மாநிறம், கறுப்பு தோல் இருக்குறவங்க கொஞ்சம் யோசிக்கணும், லேசர் வெளிச்சத்தை ரத்தம் மட்டும் இல்ல தோல்ல இருக்குற மெலனினும் இழுத்துக்கும், தோல் சுட்டு தழும்போ நிற மாற்றமோ வர வாய்ப்பு ஜாஸ்தி. 1064 நானோமீட்டர் அலைநீளம் உள்ள லேசர் இதுக்கு ஓரளவு பாதுகாப்பானது, ஆனாலும் வலிக்கும். அதுவும் போக, படர்ந்த கோட்டுக்கு ரத்தத்தை அனுப்பிக்கிட்டு இருக்குற அடி நரம்பு அப்படியே இருந்தா மேல எவ்வளவு சுட்டாலும் பக்கத்துலயே புதுசா கிளம்பும், ஊசியில அந்த அடி நரம்பையே முதல்ல மூடிடலாம்.

ஊசி எப்படி வேலை செய்யுதுன்னா, பாலிடோகனால் இல்லன்னா சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் மாதிரி ஒரு மருந்து நரம்போட உள் சுவரைப் புண்ணாக்கும், சுவர் ஒட்டி நாளாக ஆக நாரா மாறி உடம்பே கரைச்சிடும். சின்ன நரம்புக்கு மருந்தைத் தண்ணியாவே முடி மாதிரி மெல்லிசான ஊசியில போடுவாங்க. பெருசுக்கு ஃபோம். ஒரு சிரிஞ்சுல 1 பங்கு மருந்து, இன்னொரு சிரிஞ்சுல 4 பங்கு காத்து, நடுவுல மூணு வழி வால்வு, ரெண்டையும் மாத்தி மாத்தி வேகமா தள்ளுவாங்க, வெள்ளையா கெட்டியா நுரைச்சு வரும், உடனே போட்டாகணும், விட்டா கலைஞ்சு திரும்ப தண்ணியாயிடும். டெஸ்ஸாரின்னு ஒரு இத்தாலி டாக்டர் 2000-ல எழுதின முறை இது. நுரை ரத்தத்தைத் தள்ளிட்டு சுவரோட ஒட்டி நிக்கும், அதனால கொஞ்ச மருந்தே போதும்.

இனி நான் ஊசியை எடுத்ததுக்கு முக்கிய காரணம். நரம்புச் சுருட்டு ஒரு தடவை சரி பண்ணிட்டா முடிஞ்சுதுன்னு போற விஷயமே இல்ல. ரத்தம் கீழ திரும்பாம தடுக்குற வால்வு நரம்புக்குள்ள இருக்கு, அது பலவீனமாகுற தன்மை உடம்புலயே இருக்கு, குடும்பத்துல வரும், நின்னுக்கிட்டே பாக்குற வேலை, உடல் எடை, அடுத்த பிரசவம் எல்லாம் சேர்ந்துக்கும், எந்த சிகிச்சை பண்ணாலும் சில வருஷத்துல வேற நரம்பு தெரிய வாய்ப்பிருக்கு. அப்படின்னா கேக்க வேண்டிய கேள்வி, எதைத் திரும்பத் திரும்ப அலட்டிக்காம பண்ணிக்க முடியும்? ஊசிக்கு மயக்க மருந்து வேணாம், வெட்டு இல்ல, போட்ட கையோட எழுந்து நடக்கச் சொல்லுவாங்க, நடந்தே ஆகணும். புதுசா நாலு கோடு தெரிஞ்சா அதுக்கு மட்டும் போய் டச்சப் பண்ணிக்கலாம். ஒரே சிட்டிங்ல முடியாதுன்னு இதைக் குறையா சொல்றவங்க உண்டு, எனக்கு அதுவே நிறையாத்தான் படுது, ஒவ்வொரு தடவையும் எது மறைஞ்சது எது மறையலன்னு பாத்து அடுத்ததைப் போடுறாங்க இல்லையா.

ஆனா போட்டதுக்கு அப்புறம் பராமரிப்புல அலட்சியமா இருந்தா இந்த நன்மையெல்லாம் வீண். ஸ்டாக்கிங்ஸ் எத்தனை நாள் போடணும்ங்கறது டாக்டருக்கு டாக்டர் மாறுது, அவங்க சொன்னதை அப்படியே செய்யுங்க. வெயில், சுடுதண்ணி டப், கொஞ்ச வாரத்துக்கு நீண்ட விமானப் பயணம் எல்லாம் தவிர்க்கணும். யாரும் முன்கூட்டி சொல்லாத ஒண்ணு, மூடின நரம்புக்குள்ள மாட்டிக்கிட்ட ரத்தம். ரெண்டு மூணு வாரம் கழிச்சு தடவிப் பாத்தா தோலுக்கு அடியில கயிறு மாதிரி கெட்டியா, தொட்டா வலிக்கிற மாதிரி ஒண்ணு தட்டுப்படும், மேல ஊதா கலர்ல தெரியும். எனக்கு கெண்டைக்கால்ல அப்படி ஆச்சு. டாக்டர் ஊசி முனையால ஒரு குத்து குத்தி அமுக்குனாங்க, கறுப்பா சாக்கடை நிறத்துல ரத்தம் வந்துச்சு, வலி அப்பவே குறைஞ்சிடுச்சு. இதை எடுக்காம விட்டா அதுல இருக்குற இரும்புச் சத்து தோல்ல படிஞ்சு பழுப்புக் கறையா நிக்கும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள மங்கிடும், சிலருக்கு அதையும் தாண்டி இருக்கும். அதனால ஊசி போடுற இடத்துல ரிவ்யூவுக்கு வரச்சொல்லி பாப்பாங்களான்னு முதல்லயே கேட்டுக்குங்க. போட்டு அனுப்பிட்டு அதோட விட்டுடுற இடம்னா, என்னைக் கேட்டா அங்க போகவே வேணாம்.

லேசர் ஜெயிக்கிற இடமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. தொடை இடுக்குலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஓடுற பெரிய சஃபீனஸ் நரம்புலயே வால்வு போயிருந்தா, உள்ள ஃபைபர் விட்டு சுடுறதோ ரேடியோ ஃப்ரீக்வன்சியோதான் முதல் தேர்வு. பிரிட்டன்ல 798 பேரை வச்சு லேசர், ஃபோம், ஆபரேஷன் மூணையும் ஒப்பிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, அதோட 5 வருஷ முடிவு 2019-ல வந்துச்சு, நோயாளிங்க வாழ்க்கைத் தரத்துல ஃபோமை விட மத்த ரெண்டும் மேலா இருந்துச்சு. ஃபோம் போட்ட பெரிய நரம்பு திரும்பத் திறந்துக்கிற வாய்ப்பு அதிகம். எனக்கு அந்த நரம்பு நல்லா இருந்துச்சு, அதனால என் அனுபவம் அந்த அளவுக்கு நீளாது. உங்களுக்கு எதுன்னு நிக்க வச்சு எடுக்குற, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்டுற டாப்ளர் ஸ்கேன்தான் சொல்லும். ரத்தம் அரை செகண்டுக்கு மேல பின்னால ஓடுதுன்னா வால்வு சரியில்லன்னு அர்த்தம். ஸ்கேன் எடுக்காம புடைச்ச நரம்புல நேரா ஊசி எடுக்குறவங்ககிட்ட காலைக் காட்டாதீங்க.

கால்ல ஏற்கனவே ஆழ்நரம்புல ரத்தக்கட்டி இருக்குறவங்க, படுத்த படுக்கையா இருக்குறவங்க, அந்த மருந்துக்கு அலர்ஜி உள்ளவங்க ஊசி போட்டுக்கக் கூடாது. இதயத்துல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சவங்க, மைக்ரேன்ல கண்ணு மின்னுறவங்க ஃபோமுக்கு முன்னாடியே அதைச் சொல்லிடணும். மருந்து நரம்புக்கு வெளிய கசிஞ்சா தோல்ல புண் வரலாம், அது அபூர்வம்தான், ஆனா ஆற நாளாகும். போட்ட பிறகு ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி கெண்டைக்கால் இறுகுனாலோ, மூச்சு வாங்குனாலோ, நெஞ்சு வலிச்சாலோ ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.