18,400 பவுண்ட் போய்விட்டது: பழைய டியூடர் பாணி வீட்டைத் திருத்தப் போகிறவர்கள் வாசியுங்கள்

நேற்று இரவு பதினொரு மணிக்குத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டு வேலையைச் செய்த கம்பனி, தன் பெயரைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறது. கம்பனிகளைப் பதியும் அரச அலுவலகமான கம்பனிஸ் ஹவுஸின் தளத்தில் யாரும் காசு கட்டாமல் பார்க்கலாம். அறிவித்தல் வந்து இரண்டு மாதத்துக்குள் யாரும் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அந்தக் கம்பனியே இல்லாமல் போய்விடும். மறுப்பை அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன். நித்திரை வரவில்லை. எழுத்து அங்கும் இங்கும் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகப் போடுகிறேன்.

வீடு ஹரோ பக்கம், 1934இல் கட்டிய செமி, அதாவது பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய வீடு. லண்டன் வடமேற்கில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முக்கோண முகப்பு, வெள்ளைச் சுவரில் கறுப்புப் பலகைகள், ஈயப் பட்டி வைத்த சின்னச் சின்னக் கண்ணாடிகள். மெட்ரோபொலிட்டன் ரயில்வே 'மெட்ரோலேண்ட்' என்று விளம்பரம் செய்து இந்தப் பக்கத்து வயல்வெளிகளுக்கு ஆட்களைக் கூட்டி வந்த காலத்தில் எழும்பிய தெருக்கள் இவை. உண்மையான டியூடர் மன்னர்கள் 1485இலிருந்து 1603வரை இங்கிலாந்தை ஆண்டவர்கள். அந்தக் காலத்து வீட்டில் ஓக் மரச்சட்டம்தான் வீட்டையே தாங்கும். எங்கள் வீட்டில் செங்கல் சுவர்மேல் ஓர் அங்குலப் பலகையை ஆணியடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் எனக்கு 18,400 பவுண்ட் போன பிறகுதான் தெரிந்தது.

பலகைகள் சில இடங்களில் உக்கிப்போய், பூச்சு வெடித்திருந்தது. யன்னல்கள் வழியாகக் குளிர்காற்று வரும். வீட்டின் முகம் மாறக்கூடாது, ஆனால் புதிதாகத் தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. சாம்பல் நிற யன்னல், வழுவழுப்பான வெள்ளைப் பூச்சு, நேரான கறுப்புப் பலகைகள். பில்டர்களுக்கு நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தும் இணையத்தளம் ஒன்றில் வேலையைப் பதிந்தேன். பெயர் சொல்லவில்லை, பாவிப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் 24,000, 27,500 என்று சொன்னார்கள். மூன்றாமவர் 18,400. அவருக்கு 4.9 நட்சத்திரம்.

தொலைபேசியில் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். பின்னால் அம்மா யாரோடோ கதைப்பது கேட்டதும், "அக்கா, நீங்கள் தமிழே?" என்றார். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். அம்மா, "தம்பி எவடம்?" என்று கேட்டா. "வடமராட்சி அம்மா." முடிந்தது. பிளேன்டீ வந்தது, அம்மா யாருக்கும் லேசில் எடுக்காத பருத்தித்துறை வடைப் பை வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் எங்களை ஏமாற்ற மாட்டான் என்ற நினைப்பு இருக்கிறதே, அதைப்போல ஒரு மடத்தனம் இல்லை. இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.

ஆனால் வடையால் மட்டும் நான் நம்பவில்லை. கூரையையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "கூரைக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை அக்கா. இன்னும் இருவது வருசம் நிக்கும். சும்மா காசைச் செலவழிக்காதேங்கோ" என்றார். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் பில்டர்! அந்த இடத்தில் நான் விழுந்துவிட்டேன். பிறகு அவர் சொன்ன எதையும் நான் இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்கவில்லை. முகப்பைக் காட்டி, "லிபர்ட்டிக் கடை மாதிரிச் செய்து தாறன்" என்றபோது என் கணவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். லண்டன் நடுவில் டியூடர் பாணியில் 1924இல் முடித்த அந்தக் கடைக் கட்டடம் இரண்டு பழைய போர்க்கப்பல்களின் மரத்தில் செய்தது. எனக்கு வந்தது பின்பக்கத்துக்கு ஒரு கை பெயின்ட்கூட அடிக்காத மலிவுப் பைன் பலகை.

காசு போன விதம். முதலில் 4,600 முற்பணம். கடன் அட்டையில் கட்டுகிறேன் என்றேன். "கார்ட்டில கட்டினா மூண்டு வீதம் கூடப் போகும் அக்கா, உங்களுக்குத்தானே நட்டம்" என்றார். 2018 ஜனவரியிலிருந்து சாதாரண வாடிக்கையாளரிடம் அட்டைக்கென்று மேலதிகமாக வாங்குவது சட்டப்படி தடை. எனக்குத் தெரியாது. வங்கி மாற்றலாக அனுப்பினேன். அந்தத் தளத்துக்குள் செய்தி போட்டால் தான் பார்க்கப் பிந்தும், வட்ஸ்அப்பில் போடுங்கோ என்றார். சரி என்றேன். வேலை தொடங்கி மூன்றாம் நாள், யன்னல்காரனுக்குக் கட்ட வேண்டும் என்று 9,000. பலகை அடித்து முடிந்த அன்று, சாரம் கழற்ற முதல், 4,800. கூட்டிப் பாருங்கள்: 18,400. வேலை முடியும் மட்டும் கையில் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும் என்று என் அக்கா முறையான ஒருவர் சொன்னவதான். "நம்மட பெடியன், அவனுக்கு என்னென்று அப்படிச் செய்வது" என்று நான்தான் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் படிக்கட்டு யன்னலில் ஒரு கப்பல் இருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் பார்த்திருப்பீர்கள், பாய் விரித்த பழைய கப்பலை வண்ணக் கண்ணாடியில் ஈயப் பட்டி வைத்துச் செய்வார்கள். மகள் சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் சாப்பிடுவாள். அதைக் கழற்றிப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தேன். வேலை முடிந்து வந்தால் கப்பலைக் காணவில்லை. "அது உடைஞ்சு போச்சு அக்கா, ஸ்கிப்பில போட்டாச்சு." வாசலில் வைத்திருந்த அந்தப் பெரிய குப்பைத் தொட்டியில் நான் ஏறிப் பார்த்தேன். ஒரு துண்டு வண்ணக் கண்ணாடிகூட இல்லை. பழைய வீட்டுச் சாமான் விற்கும் இடங்களில் இப்படியான கண்ணாடிக்கு நல்ல விலை இருக்கிறது என்று பிறகு அறிந்தேன். ஆதாரம் இல்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

செப்டெம்பரில் பார்த்தால் வீடு அழகாகத்தான் இருந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நவம்பர் மழைக்கு அம்மாவின் அறையில், யன்னலுக்கு மேல் மூலையில், தேத்தண்ணி ஊற்றியதுபோல ஒரு கறை. டிசம்பரில் சுவர்த்தாள் எழும்பி வந்தது. ஜனவரியில் கறுப்புப் பூஞ்சணம். கீழே முன்னறையில் நடந்தால் தரைப்பலகையில் ஒரு மணம்.

480 பவுண்ட் கொடுத்து, வீட்டின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வேயர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டோம். பேச்சுக் குறைந்த வெள்ளைக்காரக் கிழவர். ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றினார். படுக்கைவாட்டில் அடித்த பலகைகளின் மேல் விளிம்பில் தண்ணீர் தேங்காமல் சரிவோ ஈயத் தகடோ இருக்க வேண்டும். எங்களுக்கு சிலிக்கோன் பூசியிருக்கிறது. மரம் சுருங்கும், விரியும். பூச்சு அப்படி அசையாது. இரண்டுக்கும் நடுவில் மயிரளவு வெடிப்பு விழுந்து தண்ணீர் உள்ளே போகிறது. மேலே அடித்திருப்பது பிளாஸ்டிக் மாதிரியான பெயின்ட். அதனால் போன தண்ணீர் காய்ந்து வெளியே வர வழியில்லை.

அதைவிட மோசம் கீழே. இந்த வீடுகளில் முன்னறையின் மரத் தரை நிலத்தில் படாமல் உயர்ந்து நிற்பது, அடியில் காற்றோட வேண்டும். அதற்குத்தான் சுவரின் அடியில் துளைபோட்ட ஏர்பிரிக் வைத்திருக்கிறார்கள். புதுப் பூச்சை அழகுக்காக நிலம் வரைக்கும் இழுத்து எல்லா ஏர்பிரிக்கையும் மூடிவிட்டார்கள். நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் டிபிசி படை நிலத்திலிருந்து 150 மில்லிமீற்றராவது மேலே, திறந்தபடி இருக்க வேண்டும். அதுவும் பூச்சுக்குள். ஈரம் பூச்சு வழியாக அந்தப் படையைத் தாண்டி ஏறுகிறது. கிழவர் சாவியால் பூச்சைத் தட்டி, உள்ளே துளைகள் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எட்டு. கூரையையும் பார்த்தார். ஓட்டுக்கடியில் அதைத் தாங்கும் மரப் பட்டிகள் உக்கத் தொடங்கிவிட்டதாம். இருபது வருசம் நிற்கும் என்றானே!

அப்புறம் அலைச்சல். முதலில் அவனே. "நாளைக்கு வாறன் அக்கா." "மழை விடட்டும் அக்கா." "மாமியார் செத்திட்டா அக்கா." மாமியார் செத்ததற்கு நான் அனுதாபம் வேறு எழுதினேன். பிறகு வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரிக்குறி மட்டும்.

இணையத்தளம்: உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம் என்று மூன்று பேர் மூன்று பெயரில் எழுதினார்கள். எங்கள் உத்தரவாதம் தளத்துக்குள் பேசி முடித்த வேலைக்கு மட்டும்தான், நீங்கள் வெளியே போய்ப் பேசியிருக்கிறீர்கள் என்றார்கள். நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனம் மூன்று கிழமையாக "சரிபார்ப்பில்" கிடக்கிறது. அவனுடைய 4.9 அப்படியே இருக்கிறது.

வங்கி: 2024 ஒக்டோபரிலிருந்து, ஏமாற்றப்பட்டு அனுப்பிய பணத்தை 85,000 பவுண்ட் வரை வங்கி திருப்பித் தரவேண்டும் என்று விதி வந்திருக்கிறது அல்லவா, அதைச் சொல்லிக் கேட்டேன். ஆள் வந்தார், வேலை நடந்தது, தரம்தான் பிரச்சினை, ஆகவே இது மோசடி இல்லை, சிவில் தகராறு என்றாள் அந்தப் பிள்ளை. இரக்கமாகத்தான் சொன்னாள். 18,400 பவுண்ட், சிவில் தகராறு.

நீதிமன்றம்: சிறு வழக்கு என்று சுலபமாகப் போட 10,000 பவுண்ட்தான் எல்லை. என்னுடையது அதற்கு மேலே. பதிவுக் கட்டணமே ஐந்து வீதம், 920 பவுண்ட். வழக்கறிஞர் தனி. வென்றாலும் யாரிடம் வாங்குவது? அந்தக் கம்பனி தன்னை அழித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கிழமை அதே விலாசத்தில், பெயரில் ஒரு சொல் மட்டும் மாற்றி, இன்னொரு கம்பனி பதிவாகியிருக்கிறது.

யன்னல்களுக்கு ஃபென்சா சான்றிதழ், அதாவது கட்டட விதிப்படி மாற்றியது என்ற சான்று, தபாலில் வரும் என்றான். ஃபென்சா தளத்தில் எங்கள் விலாசத்தைப் போட்டால் ஒன்றுமே இல்லை. 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய யன்னலுக்கு இப்படியான ஒரு சான்றிதழ் அல்லது கட்டட விதிகளைக் கவனிக்கும் கவுன்சில் பில்டிங் கன்ட்ரோலின் சான்றிதழ் இருக்க வேண்டும். வீடு விற்கும்போது வாங்குகிறவரின் வழக்கறிஞர் கேட்பார். அது இன்னொரு தலையிடி.

விவரமாகப் போடுகிறேன் என்றேன். கணவர் வேலைக்குப் போக வேண்டும், அம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அதனால் சுருக்கமாக.

முற்பணத்தில் ஒரு பகுதியாவது கடன் அட்டையில் கட்டுங்கள். ஒப்பந்த விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை என்றால், ஏதும் பிழை நடந்தால் அட்டைக் கம்பனியிடமே காசைக் கேட்க முடியும். அட்டை வேண்டாம் என்பவனுக்கு வேலை கொடுக்காதீர்கள். கம்பனிஸ் ஹவுஸில் டிரெக்டரின் பெயரைப் போட்டு, முன்பு எத்தனை கம்பனி மூடியிருக்கிறார் என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஏர்பிரிக் எத்தனை இருக்கிறது என்று வேலைக்கு முதலே எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். பில்டரிடம் எந்த ஊர் என்று கேட்காதீர்கள், அவர் செய்து இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பழைய வீட்டுச் சாமான் விற்கும் இடங்களுக்குப் போகிறவர்கள் ஓர் உதவி செய்யுங்கள். நீலக் கடல், மஞ்சள் பாய், சிவப்புக் கொடி, கீழே இடது மூலையில் ஒரு சின்ன வெடிப்பு. அப்படி ஒரு கப்பல் கண்ணாடியைக் கண்டால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.