பிஎச்.டி.-12 ஃபேஜ் பெப்டைடு கிட்: கிடைத்த பெப்டைடு இலக்கைத்தான் பிடித்ததா?

நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் நிறுவனத்தின் பிஎச்.டி.-12 கிட் (பிஎச்.டி. என்பது ‘ஃபேஜ் டிஸ்ப்ளே’யின் சுருக்கம்), ஒரு புரதத்தோடு பிணையும் பெப்டைடை, அதாவது சிறு அமினோ அமிலச் சங்கிலியை, தேடும் ஆய்வகங்கள் பலவும் முதலில் கையிலெடுக்கும் பொருள். பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸான இழை ஃபேஜின் உறைப் புரதத்தில் வேற்றுப் பெப்டைடை ஏற்றி வெளிக்காட்டலாம் என்று 1985இல் ஜார்ஜ் ஸ்மித் காட்டியதும், 2018இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு பெற்றுத் தந்ததுமான முறையே இதன் அடிப்படை. ஃபேஜ்களை இலக்குப் புரதத்தோடு சேர்த்து, ஒட்டாதவற்றைக் கழுவி, ஒட்டியவற்றை விடுவித்துப் பெருக்குவதே ஒரு சுற்றுத் தேர்வு. மூன்று சுற்று முடிந்தால் ஏதேனும் ஒரு பெப்டைடு கைக்கு வந்தே தீரும். அது பிடித்தது இலக்கையா, இலக்கைச் சுற்றியிருந்த வேறெதையாவதா என்று பிரித்தறிய இந்தக் கிட் எவ்வளவு துணை செய்கிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

பெட்டியில் 100 மைக்ரோலிட்டர் லைப்ரரி (வெவ்வேறு பெப்டைடுகளை ஏந்திய ஃபேஜ்களின் கலவை), ஃபேஜை வளர்க்க இஆர்2738 என்ற ஈ.கோலை, வரிசையறியும் பிரைமர்கள், சோதனை இலக்காக ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் ஆகியவை உள்ளன. ஒரு தேர்வுக்கு 10 மைக்ரோலிட்டர் போதுமாதலால் பத்துத் தேர்வுகளுக்குக் காணும். லைப்ரரியில் ஏறத்தாழ 100 கோடி வரிசைகள் இருக்கின்றன. 12 அமினோ அமிலங்களால் அமையக்கூடியவையோ சுமார் 41 கோடி கோடி. ஆகவே உங்கள் இலக்குக்கு மிகப் பொருத்தமான வரிசை இதில் இல்லாமலே போகலாம். அப்படி நல்ல போட்டியாளர் இல்லாத களத்தில்தான், இலக்கைப் பிடிக்காமலே தேர்வாகும் பொய்ப் பிணைப்பிகள் முன்னுக்கு வருகின்றன.

ஸ்ட்ரெப்டாவிடின் சோதனை நன்றாக அமைந்தது. ஹிஸ்டிடின்–புரோலின்–குளுட்டமின் என்ற மூவரிசை திரும்பத் திரும்ப வந்தால், கழுவுதலும் விடுவித்தலும் பெருக்கமும் ஒழுங்காக நடந்தன என்று பொருள். ஆனால், அது உங்கள் இலக்கின் முடிவுக்குச் சான்றாகாது. மேலும், ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய நுண்மணிகளால் வேறொரு புரதத்தைப் பிடித்துவைத்துத் தேர்வு செய்யும்போது அதே மூவரிசை வந்தால், பிடிபட்டது மணிதான்.

இலக்கைப் பூசும் தட்டின் பிளாஸ்டிக்கை விரும்பும் பெப்டைடுகளே மிகப் பெரிய தொல்லை. டிரிப்டோஃபான், டைரோசின், ஃபினைல்அலனின் மிகுந்த வரிசைகளைக் கண்டால் முதலில் ஐயப்பட வேண்டும். இதற்குக் கையேடு சொல்லும் எலிசா முறை (பிணைப்பை நிறத்தால் காட்டும் சோதனை) எளியது, ஆயினும் பலர் இதில் பாதியைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு குளோனுக்கும் (ஒரே பெப்டைடை ஏந்திய ஃபேஜ் வகைக்கும்) இலக்கு பூசிய குழி வரிசை ஒன்றும், இலக்கே இல்லாமல் பி.எஸ்.ஏ. என்ற மாட்டு ஆல்புமின் புரதத்தால் மட்டும் அடைத்த குழி வரிசை ஒன்றும் வேண்டும். இரண்டிலும் ஃபேஜை ஒரே அளவில் படிப்படியாக நீர்த்துக்கொண்டு போக வேண்டும். ஒட்டிய ஃபேஜை நிறத்தால் காட்டும் ஏபிடிஎஸ் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தபின் இரு வரிசைகளும் ஒன்றுபோலப் பச்சையானால், நிறம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அந்தக் குளோனைக் கைவிடலாம். தொடர்பில்லாத ஒரு புரதம் பூசிய வரிசையையும், பெப்டைடு ஏற்றாத எம்13கேஈ ஃபேஜையும் நான் கட்டாயம் சேர்ப்பேன். கரைந்த இலக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது நிறம் அதற்கேற்பக் குறைகிறதா என்ற போட்டிச் சோதனைதான் இவற்றுள் அதிகம் பேசுகிறது. கழுவும் கரைசலில் சேர்க்கும் சோப்பு போன்ற ட்வீன்-20ஐ முதல் சுற்றின் 0.1 விழுக்காட்டிலிருந்து அடுத்த சுற்றுகளில் 0.5 வரை உயர்த்துவது பலவீனமானவற்றைக் கழுவிவிடும். பிளாஸ்டிக்கோடு உறுதியாகப் பிணைபவற்றை அது அசைக்காது.

எதிலும் பிணையாமலே வெற்றி பெறும் குளோன்களை எலிசா முன்கூட்டித் தடுக்காது. ஹிஸ்டிடின்–அலனின்–ஐசோலூசின்–டைரோசின்–புரோலின்–ஆர்ஜினின்–ஹிஸ்டிடின் என்ற வரிசை இதே குடும்பத்தின் ஏழு அமினோ அமில லைப்ரரியிலிருந்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல இலக்குகளுக்கு விடையாக வந்தது. அதைச் சுமந்த ஃபேஜின் இரண்டாம் மரபணுவுக்கு முன்னுள்ள ரைபோசோம் பிணைப்பிடத்தில் (புரத உற்பத்தி தொடங்க உதவும் இடத்தில்) ஒரு பிறழ்வு நேர்ந்து, அது மற்றவற்றைவிட வேகமாகப் பெருகியதே காரணம் என 2008இல் ஓர் ஆய்வு கண்டது. அந்த ஆய்வில் கிட் தயாரிப்பாளரின் ஆய்வாளரும் பங்கேற்றார். தம் பொருளின் குறையைத் தாமே ஆராய்ந்து வெளியிட்ட இந்த நேர்மைக்காக நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். இலக்கே இல்லாமல் லைப்ரரியை அதே அளவு சுற்றுகள் பெருக்கி வரிசையறிந்து ஒப்பிடுவது இந்தத் தொல்லைக்குத் தீர்வு. சீன ஆய்வாளர்களின் சாரோடப் என்ற இலவச இணையக் கருவியில் வரிசையை இட்டால், ஏற்கெனவே அறியப்பட்ட பொய்ப் பிணைப்பிகளோடு அது ஒத்துப்போகிறதா என்று உடனே தெரியும்.

இன்னொரு வரம்பு இதன் அமைப்பிலேயே உண்டு. ஒரு ஃபேஜின் நுனியில் ஐந்து பெப்டைடுகள் நிற்பதால், தனியே நின்றால் நழுவிவிடும் ஒன்றும் கூட்டாகச் சேர்ந்து நன்றாகப் பிணைவதுபோலத் தோன்றும். எனவே ஃபேஜ் எலிசாவோடு நிறுத்தாமல், தனிப் பெப்டைடாகவும் சோதிக்க வேண்டும். செயற்கையாகச் செய்விக்கும்போது, ஃபேஜில் இருந்ததுபோலவே வாலில் மூன்று கிளைசினும் ஒரு செரினும் சேர்த்து, கார்பாக்சில் முனையை அமைடாக மூடச் சொல்லுங்கள்.

கட்டுப்பாட்டு வரிசைகளுக்கான தட்டுகள், ஃபேஜைக் கண்டறியும் எதிர்-எம்13 ஆன்டிபாடி, போட்டிச் சோதனைக்குத் தேவையான கூடுதல் தூய இலக்குப் புரதம் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கிய ஆய்வகத்திற்கு இந்தக் கிட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெட்டியின் விலைக்கு மட்டும் நிதி வைத்திருப்பவர்கள், மீதியும் சேரும்வரை வாங்குவதைத் தள்ளிவைக்கலாம்.