முதல் பாதியில் சேர்த்து வைப்பதா, அடக்கி ஓடுவதா? மாரத்தான் பேஸ் கணக்கு

வரப்போகும் சென்னை மாரத்தானில் முதல் பாதியை அடக்கி ஓடி, இரண்டாம் பாதியில் வேகம் கூட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். நெகடிவ் ஸ்ப்ளிட் என்பார்களே, அதுதான். எங்கள் ரன்னிங் குழுவில் பாதிப்பேருக்கு இதில் உடன்பாடில்லை. "கால் ஃப்ரெஷ்ஷா இருக்கறப்பவே ரெண்டு நிமிஷம் சேர்த்து வச்சிடணும்ண்ணா, அப்புறம் எப்படியும் ஸ்லோ ஆகத்தானே போறோம்" என்கிறார்கள். அதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேவே 2022-இல் அப்படி ஓடி உலக சாதனை வைத்தார்.

அவரையே எடுத்துக்கொள்வோம். ஒரே மனிதர், ஒரே பெர்லின், இரண்டு விதமான ஓட்டம். 2018-இல் முதல் பாதி 61:06, இரண்டாவது 60:33, மொத்தம் 2:01:39. வேகம் காட்டிக் கூடவே ஓடும் பேஸர்களில் கடைசி ஆள் 25-வது கிலோமீட்டரில் விலகிய பிறகு மீதி 17 கிலோமீட்டரும் தனியாகத்தான் ஓடினார். 2022-இல் தலைகீழ்: முதல் பாதி 59:51, இரண்டாவது 61:18, மொத்தம் 2:01:09. ஆக, சேர்த்து வைத்த ஓட்டம்தான் 30 விநாடி வேகமானது. எங்கள் குழுவினர் இதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது அந்த 87 விநாடி. முதல் பாதியைவிட இரண்டாவதில் அவ்வளவு நேரம் கரைந்திருக்கிறது, அதுவும் கிப்சோகேவுக்கு.

மறுபக்கம் இன்னொரு கென்ய வீரர், கெல்வின் கிப்டம். 2023 லண்டனில் 61:40, பிறகு 59:45. அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோவில் 60:48, பிறகு 59:47, மொத்தம் 2:00:35, உலக சாதனை. சிகாகோவில் 30-லிருந்து 35-வது கிலோமீட்டர் வரை 13:51-இல் ஓடினார். கிலோமீட்டருக்கு சுமார் 2:46. மற்றவர்களுக்கு வண்டி நிற்கும் இடத்தில் இவர் கியர் மாற்றுகிறார். (2024 பிப்ரவரியில் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார், 24 வயதுதான். இதை எழுதும்போதும் மனசு கேட்கவில்லை.) பெண்களில் பவுலா ராட்க்ளிஃப் 2003 லண்டனில் 68:02, 67:23, டிக்ஸ்ட் அசெஃபா 2023 பெர்லினில் 66:20, 65:33. இருவருமே பின்பாதியில்தான் வேகம்.

முழுக்கச் சீரான பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு எடுக்கும் நேரம்) என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. 2019 வியன்னாவில் கிப்சோகே 1:59:40-இல் ஓடியது அப்படித்தான்: முன்னால் போன காரிலிருந்து சாலையில் லேசர் கோடு, முறை வைத்து மாறிய 41 பேஸர்கள், எந்தக் கிலோமீட்டரும் 2:48-க்குக் கீழேயும் இல்லை, 2:52-க்கு மேலேயும் இல்லை. அந்த ஏற்பாட்டால்தான் அது சாதனைக் கணக்கில் சேரவில்லை. நமக்கு யார் லேசர் அடிப்பார்கள்? சரி, அதை விடுவோம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம், எரிபொருள். ஓட்டத்துக்கு ஆகும் சக்தி தோராயமாகக் கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு, ஒரு கலோரி. 50 கிலோ ஆளுக்கு முழு மாரத்தானுக்கும் 2,100 கலோரி. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இது பெரிதாக மாறாது. மாறுவது, அந்தச் சக்தி எதிலிருந்து வருகிறது என்பது. வேகம் கூடக்கூட கொழுப்பின் பங்கு குறைந்து, உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜனின் பங்கு ஏறுகிறது. நன்றாகச் சாப்பிட்டுத் தயாரானவரின் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து அது 2,000 கலோரி அளவில்தான் இருக்கும். கொழுப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, ஆனால் அதே கலோரிக்குக் கூடுதல் ஆக்சிஜன் கேட்கும், அதனால் வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

லாக்டேட் த்ரெஷோல்டை, அதாவது குளுக்கோஸ் பாதியில் உடைந்து உண்டாகும் லாக்டேட் ரத்தத்தில் சேரத் தொடங்கும் வேகத்தை, தாண்டினால் கணக்கு இன்னும் மோசம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஆக்சிஜனோடு முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 30 ஏடிபி (தசை நேரடியாகச் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) கிடைக்கும், ஆக்சிஜன் இல்லாமல் பாதியில் உடைந்தால் இரண்டுதான். லாக்டேட் வீணாகாது, இதயமும் மற்ற தசைகளும் பிறகு எரித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் தொடைத்தசையில் தீர்ந்த கிளைக்கோஜன் ஓட்டம் முடிவதற்குள் நிரம்பப்போவதில்லை. அதனால்தான் கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி வேகமாகப் போனதை, பிறகு ஐந்து விநாடி மெதுவாகப் போய் ஈடுகட்ட முடிவதில்லை. நம் ஆட்கள் சேமிப்பு என்று சொல்வது மீட்டர் வட்டிக்கு வாங்கிய கடன்.

கிப்சோகேவால் 2022-இல் அந்தக் கடனை ஓரளவு சமாளிக்க முடிந்ததற்கு வழியில் கிடைத்த பாட்டில்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெர்லினில் முன்னணி வீரர்களுக்கு அவரவர் பாட்டில் தனியாக வரும். கிப்சோகேவுக்கு நீட்டிய கிளவுஸ் என்ற தன்னார்வலர், ஒவ்வொரு முறை சரியாகக் கை சேர்ந்ததும் துள்ளிக் குதித்ததை 2018 வீடியோவில் பார்க்கலாம். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்து குடித்தால் மணிக்கு 90 கிராம் வரை உள்ளே போகும், அது 360 கலோரி. ஆனால் வேகம் எல்லை மீறினால் ரத்தம் குடலை விட்டுக் காலுக்குப் போய்விடுகிறது, ஓடும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல் வயிற்றிலேயே நிற்கிறது. ஆரம்பத்தில் அடக்கி ஓடினால் முதல் ஒரு மணி நேரத்து ஜெல்லாவது நிம்மதியாக இறங்கும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நான்கரை மணி நேரம் எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டால், முழுதாகப் பொருந்தாது. நம் வேகத்தில் கொழுப்பின் பங்கு கூடுதல், தொட்டி அவ்வளவு சீக்கிரம் காலியாகாது. சென்னையில் இன்னொரு சிக்கல், இருட்டில் கிளம்பினாலும் கடைசி பத்து கிலோமீட்டர் வெயிலில்தான். வெயில் ஏறினால் அதே பேஸுக்கே இதயத்துடிப்பு எகிறும், அதில் வேகம் கூட்டுவது எனக்கு இன்னும் கைவரவில்லை. அதனால் பெரிய வித்தியாசம் எதையும் திட்டமிடவில்லை. முதல் பாதியில் கிலோமீட்டருக்கு ஐந்தாறு விநாடி பின்தங்கி இருப்பேன், 30 தாண்டியதும் துடிப்பைப் பார்த்துக்கொண்டு முடிந்தால் கூட்டுவேன், முடியாவிட்டால் அதே பேஸில் முடித்துவிடுவேன்.