குவார்ட்சைட் சமையல்மேடை: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் 2018ஆம் ஆண்டு பதித்த குவார்ட்சைட் மேடை இன்றும் மெருகு குன்றாமல் இருக்கிறது. அதே காலத்தில், அதே பெயரைச் சொல்லி விற்கப்பட்ட வேறொரு வெள்ளைக் கல்லைச் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் என் தங்கை தன் வீட்டில் பதித்தாள். ஓராண்டு முடிவதற்குள், எலுமிச்சை வெட்டிய இடத்திலும் புளிக்கரைசல் கிண்ணம் வைத்த இடத்திலும் துடைத்தாலும் போகாத மங்கிய வட்டங்கள் விழுந்துவிட்டன. இரண்டு வீட்டிலும் சமையல் ஏறத்தாழ ஒன்றுதான்: புளி, மஞ்சள், தேங்காய் எண்ணெய், அடிக்கடி சம்பால். எனவே குறை புழக்கத்தில் இல்லை, கல்லில்தான் இருந்தது. அவளுக்கு விற்ற கடைக்காரர் பின்னர் பேசியபோது, "இயற்கைக் கல் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துக்கொண்டார். அது உண்மையன்று. இயற்கையான குவார்ட்சைட் எலுமிச்சைச் சாற்றுக்கு மங்குவதில்லை. மங்கினால் அந்த இடத்தில் இருப்பது வேறு கனிமம். இந்த வேறுபாட்டைப் பணம் கட்டுவதற்கு முன்பே கடையில் வைத்துக் கண்டுகொள்ள முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குவார்ட்சைட் எப்படி உண்டாகிறது என்பதை அறிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். எங்கள் ஊரில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் வடமேற்கே தெரிகிற, 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் ஒரு பகுதி இந்தக் கல்லால்தான் ஆனது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தில் படிந்த மணல் மணற்கல்லாக இறுகி, பிறகு பூமிக்கடியில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி அங்கே குவார்ட்சைட்டாக மாறியிருக்கிறது. மணற்கல் பொரி உருண்டையைப் போன்றது. உடைத்தால் பாகு விட்டுக்கொடுக்கும், பொரி முழுசாக நிற்கும். குவார்ட்சைட்டில் அந்தப் பாகு என்ற ஒன்றே தனியாக இல்லை. மணல்மணிகள் மறுபடியும் படிகமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், உடைத்தால் பிளவு மணிகளின் ஊடாகவே பாய்கிறது. கடினத்துக்கும் அமிலம் தாங்கும் குணத்துக்கும் காரணம் அது ஏறக்குறைய முழுக்கச் சிலிக்காவாக, அதாவது மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கனிமமாக, இருப்பதுதான். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சலவைக்கல்லில் இருக்கும், அமிலத்துக்கு மங்கும் கனிமங்களான கால்சைட் 3, டோலமைட் மூன்றரை முதல் 4 வரை. சமையல் கத்தியும் சாதாரணக் கண்ணாடியும் ஐந்தரையை ஒட்டி நிற்கும். இந்த நான்கு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் ஏமாற வழியில்லை.

ஜெராயில் இந்தக் கல் இருந்தாலும் கடைகளில் நாம் பார்க்கும் ஸ்லாப்கள் எனப்படும் பெரிய கல்பலகைகள் பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வருகின்றன. அவற்றின் பெயர்கள் வணிகப் பெயர்கள் மட்டுமே. கல்லின் வகையை அவை உறுதிசெய்வதில்லை. நாங்கள் வாங்கிய பழுப்பு ரேகை ஓடும் வெளிர்நிறக் கல்லுக்குத் தாஜ்மகால் என்று பெயர். அது பிரேசிலின் சியாரா மாநிலத்துக் குவார்ட்சைட். ஆக்ராவில் இருக்கும் தாஜ்மகாலோ ராஜஸ்தானின் மக்ரானா சலவைக்கல்லால் கட்டப்பட்டது. சூப்பர் வொயிட் என்ற பெயரில் வரும் சாம்பல் கலந்த வெள்ளைக் கல், பல இடங்களில் குவார்ட்சைட் என்று விற்கப்பட்டாலும், பெரும்பாலும் டோலமைட் சலவைக்கல்லாகவே இருக்கிறது. தங்கை வீட்டில் இருப்பது அதுதான். "மென்மையான குவார்ட்சைட்" என்று யாராவது ஒரு வகையைச் சொன்னால் அப்படி ஒரு வகை இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடியைக் கீற முடியாத கல் குவார்ட்சைட்டே அல்ல.

குவார்ட்ஸ் என்று விற்கப்படும் தொழிற்சாலைக் கல் இன்னொன்று. பொடித்த குவார்ட்ஸைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்வது அது. உறிஞ்சாது, கறை புகுவதைத் தாமதப்படுத்தப் பூசும் சீலர் தேவையில்லை, விலையும் பெரும்பாலும் குறைவு. அதன் பலவீனம் பிசினில் இருக்கிறது: ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிறம் மாறலாம், வெயிலில் மஞ்சளடிக்கும். நம் வீடுகளில் பின்கட்டில், பாதி வெளிப்புறமாக அமைக்கும் ஈரச் சமையலறைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

இப்போது சோதனைகளுக்கு வருகிறேன். கடையில் தனியே வைத்திருக்கும் மாதிரித் துண்டில் அல்ல, நீங்கள் வாங்கப்போகும் அதே ஸ்லாப்பின் ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவு துண்டு கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் நான் வாங்கமாட்டேன். ஒரு பழைய கண்ணாடிப் போத்தலை மேசைமேல் படுக்க வைத்து, துண்டின் மெருகிடாத முனையை அழுத்தி இழுக்க வேண்டும். குவார்ட்சைட் என்றால் முனை கண்ணாடியைக் கவ்வுவது கைக்கே தெரியும்; கிறீச்சென்ற சத்தத்தோடு ஆழமான கோடு விழும். கோட்டைப் பார்த்தவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மென்மையான கல்லும் கண்ணாடிமேல் வெள்ளைக் கோடு போடும். அது கல்லே தேய்ந்து ஒட்டிய பொடி. ஈர விரலால் துடைத்தால் பொடி போய்விடும், உண்மையான கீறல் நிற்கும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். தங்கை வீட்டு மேடையில் மிஞ்சிய துண்டை நானே இப்படி இழுத்துப் பார்த்தேன். துடைத்ததும் கண்ணாடி பழையபடி பளிச்சென்று ஆகிவிட்டது.

அடுத்தது அமிலச் சோதனை. மெருகிட்ட முகத்தில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு, உலர்ந்துவிடாமல் சிறு கிண்ணத்தால் மூடி, அரை மணி நேரம் கழித்துக் கழுவித் துடைக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சன்னல் பக்கம் திருப்பி, கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சம் சரிந்து விழும்படி பார்த்தால் மெருகு செத்த வட்டம் இருக்கிறதா இல்லையா என்பது தெளிவாகும். ரேகைகளின் மேலும் தனியே ஒரு துளி விடுங்கள். உடல் குவார்ட்சைட்டாக இருந்து ரேகையில் மட்டும் கால்சைட் ஓடும் ஸ்லாப்களும் உண்டு. நுரைக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, ஏனென்றால் டோலமைட் எளிதில் நுரைக்காது. ஆணியால் சுரண்டிப் பொடியாக்கி, சற்று வலுவான அமிலம் விட்டால்தான் மெல்லக் குமிழி விடும்.

மூன்றாவது தண்ணீர்ச் சோதனை. குவார்ட்சைட் கடினமானது என்பதால் எதையும் உறிஞ்சாது என்று பலர் நினைக்கிறார்கள். கடினம் வேறு, உறிஞ்சும் தன்மை வேறு. மணல்மணிகள் முழுமையாகப் பின்னிக்கொள்ளாத கல் கண்ணாடியைக் கீறவும் செய்யும், எண்ணெயைக் குடிக்கவும் செய்யும். சீலர் பூசாத பின்பக்கத்திலோ வெட்டு முகத்திலோ தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து, எவ்வளவு கறுக்கிறது என்று பாருங்கள். அதே பெயருள்ள இரண்டு ஸ்லாப்கள்கூட இதில் வேறுபடும் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

புழக்கத்தில் எனக்குப் பிடித்தது அதன் மெருகு. புளி, தக்காளி, வினிகர் எதுவும் அதைத் தொட்டதில்லை. கத்தி தவறிப் பட்டாலும் கல்லில் கீறல் விழுவதில்லை. கத்திதான் மழுங்கும், ஆகவே வெட்டுப் பலகை எப்படியும் வேண்டும். சூடான சட்டியையும் கல் தாங்குகிறது. ஆனாலும் நான் அடியில் தாங்கி வைத்தே இறக்குகிறேன்: ஸ்லாப்பின் நுண்பிளவுகளை ஆலையில் பிசின் விட்டு நிரப்பியிருப்பார்கள், ஒரே இடத்தில் திடீரென்று ஏறும் சூடு அந்த இடத்தை முதலில் பதம் பார்க்கும். சிங்க் ஓரத்தில் இரும்புச் சட்டி மோதி அரிசியளவு சில்லு ஒன்று பெயர்ந்தது. கல்பட்டறையிலிருந்து வந்தவர் கல்பொடியை எப்பாக்சிப் பசையில் குழைத்து அதை நிரப்பினார். இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விளிம்பைக் கூராக விடாமல் சற்று உருட்டச் சொன்னால் இத்தகைய சில்லுகள் குறையும்.

கறைதான் உண்மையான கவலை. சீலர் கல்லுக்குள் இறங்கி எண்ணெயும் தண்ணீரும் புகுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. சலவைக்கல்லில் பூசினாலும் அமிலத்தால் மங்குவதை அது தடுக்காது. மேடையில் தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவிக் கறுக்கத் தொடங்கினால் மறுபடியும் பூச வேண்டும் என்று பொருள். எங்கள் வீட்டில் அடுப்பைச் சுற்றியும் சிங்கைச் சுற்றியும் அந்த நிலை விரைவில் வருகிறது. சன்னலோரப் பகுதிக்கு நீண்ட காலம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆகவே முழு மேடைக்கும் காலண்டர் பார்த்துப் பூசுவது வீண். பூசிய பிறகு மேலே மிஞ்சும் சீலரை உலரவிடாமல் துடைத்துவிட வேண்டும். விட்டால் பனி படிந்ததுபோல் மங்கலாகிவிடும்.

ஒரு தீபாவளிக்கு முன் அரைத்த மஞ்சள் இரவு முழுவதும் மேடையில் கிடந்து, காலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் திட்டு படிந்திருந்தது. சோப்பு போட்டதும் அது செம்பழுப்பாகச் சிவந்தது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின், சோப்பின் காரத்தன்மையில் இப்படி நிறம் மாறும். கறை பெருகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. குர்க்குமின் வெயிலில் சிதைந்துவிடும். சன்னல் வெயில் பட்ட பாதி தானாகவே வெளுத்தது. நிழலில் இருந்த பாதிக்குச் சமையல் சோடாவை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்துப் பற்றுப் போட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி, மறுநாள் எடுத்தோம். ஒருமுறை போதவில்லை, திரும்பப் போட வேண்டியிருந்தது. எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்த பற்றே போதுமானதாக இருந்தது. துரு நீக்கும் திரவங்களை மட்டும் கிட்டே விடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும். குவார்ட்சைட்டைக் கரைக்கக்கூடிய அமிலம் அதுதான், மனிதத் தோலுக்கும் எலும்புக்கும் அது இன்னும் கொடியது.

செலவைப் பொறுத்தவரை, கிரானைட்டைவிடக் கல்லின் விலையும் அதிகம், வெட்டுக்கூலியும் அதிகம். பொருத்த வந்த தம்பியிடம் காரணம் கேட்டபோது, "அக்கா, இந்தக் கல்லுக்கு பிளேடு சீக்கிரம் தேஞ்சிடும், வேகமா வெட்டவும் முடியாது" என்றார். அது நியாயமான கூலி. எடையையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்: 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 53 கிலோ. எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கமாகக் கட்டும் கான்கிரீட் மேடை இதைத் தாராளமாகத் தாங்கும், ஆனால் புதிதாக வார்த்த கான்கிரீட் நன்றாக உலரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் கீழிருந்து ஏறி, வெளிர்நிறக் கல்லின் ஓரங்களைக் கறுக்கச் செய்யும். ஒட்டுப்பலகைப் பெட்டிகளின்மேல் வைப்பதாக இருந்தால் எடையைச் சொல்லிச் சட்டத்தை வலுவாக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் அலுமினியப் பெட்டியே மேல்.

இதற்கெல்லாம் மேலாக நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு வாசலில் வைத்து இந்தக் கல்லை உலர்வாக அறுக்கவோ தேய்க்கவோ விடாதீர்கள். அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். வந்தபின் அதை ஆற்றும் மருந்து இல்லை. இந்த நோயின் காரணமாகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தொழிற்சாலைக் கல்லைத் தடைசெய்தது. அந்தத் தடையில் இயற்கைக் கல் சேராது என்றாலும், குவார்ட்சைட்டும் பெரும்பகுதி சிலிக்காதான். சிங்க் துளை உட்பட எல்லா வெட்டும் பட்டறையிலேயே, தண்ணீர் விட்டு நடக்க வேண்டும். வீட்டில் தவிர்க்க முடியாத சிறு திருத்தத்துக்கும் தண்ணீரும் சரியான முகக்கவசமும் வேண்டும். இந்த வேலைக்கு வருபவர்களில் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வங்காளதேசத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தூசிக்குள் நிற்கும் ஒருவரைப் பார்த்தும் பேசாமல் இருப்பது சரியல்ல. கூலி கூடினாலும் கொடுத்துவிடலாம்.

எல்லா இடத்துக்கும் இந்தக் கல் தேவையில்லை. வாசற்படிக்கும் குளியலறை மேடைக்கும் அடர்நிறக் கிரானைட் குறைந்த செலவில் நன்றாகவே உழைக்கும். எங்கள் வீட்டில் அங்கெல்லாம் அதுதான். கூடத்துத் தரைக்கு ஈப்போ சலவைக்கல் விரும்புபவர்கள் தயங்காமல் போடலாம், அங்கே யாரும் எலுமிச்சை பிழியப் போவதில்லை. வெளிர்நிறமும் சலவைக்கல் போன்ற ரேகையும் வேண்டும், அதேசமயம் தினமும் புளியும் காரமும் புழங்கும் மேடையாகவும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே குவார்ட்சைட்டின் விலை நியாயமாகும்.

வாங்குவதாக முடிவுசெய்தால், ஸ்லாப்பின் மேலேயே மேடையின் அளவை வரைந்து காட்டச் சொல்லி, ரேகை எங்கே விழும், இணைப்பு எங்கே வரும், சிங்க் துளை நுண்பிளவின்மேல் அமைகிறதா என்று நேரில் நின்று பாருங்கள். சிங்க்குக்காக வெட்டியெடுத்த துண்டு உங்களுக்குச் சொந்தமானது. அதைப் பட்டறையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும் எந்தச் சீலரையும் துப்புரவுத் திரவத்தையும் நான் முதலில் அந்தத் துண்டில் பூசி, மறுநாள் பார்த்த பிறகே மேடைக்குக் கொண்டுபோகிறேன்.