புது லேப்டாப் வாங்காமல் போட்டோ எடிட்டிங்: ராம், எஸ்எஸ்டி, திரை

ஐந்து வருடமாக என்னோடு உழைக்கும் லேப்டாப் இது. எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். குழந்தைகளைப் படம் எடுப்பது என் தொழில். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு நாளைக்கு நானூறு ரா ஃபைல்களாவது (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் படங்கள்) சேரும். போன வருடம் லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் பிரஷ்ஷை இழுத்தால், கை நின்ற பிறகுதான் கோடு வரும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. புதிது வாங்கப் பணம் இல்லை. இருப்பதில் எதை மாற்றினால் பலன் கிடைக்கும் என்று தேடி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்.

முதல் செலவு ராமுக்குத்தான், அதாவது திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்துக்கு. லைட்ரூமையும் போட்டோஷாப்பையும் திறந்துவைத்து டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். மெமரி 95 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது, அதுதான் திணறல். கணக்கும் எளிதுதான்: 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில் திறந்தால் ஒரு லேயருக்கே ஏறத்தாழ 144 எம்பி. பத்து லேயர் போட்டால் 1.4 ஜிபி, அதற்கு மேல் ஹிஸ்டரி வேறு. 8 ஜிபி எப்படிப் போதும்?

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே, இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தது. இருந்ததைப் போலவே டிடிஆர்4, 2400 வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். ஒரே 16 ஜிபி ராம் குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகளே எனக்கு நல்லது, ஏனென்றால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போடுகிறது. இரண்டு குச்சி இருந்தால் இரண்டு சேனலிலும் தரவு ஓடும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே சால்டர் செய்து (பற்றவைத்து) விடுகிறார்கள், மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது பயப்படும் வேலை இல்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, குச்சியைச் சாய்வாகச் செருகி, மெதுவாகக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். திருகுகள் மட்டும் ஒரே நீளத்தில் இருக்காது. நான் ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எது எங்கே இருந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன்.

அடுத்தது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம். அதில்தான் ஒரு முறை ஏமாந்தேன். விற்றவர் “எம்.2 எல்லாம் ஒன்றுதான்” என்றார், நம்பி வாங்கிவிட்டேன். வீட்டில் மாட்டினால் அழகாக உட்கார்ந்தது, பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) மட்டும் காட்டவில்லை. அது சாட்டா வகை. என் ஸ்லாட் என்விஎம்இ மட்டும் எடுக்கும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான்; சாட்டா, என்விஎம்இ என்பவை தரவு போகும் முறைகள். சாட்டா வகையின் செருகு முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும், வேகமான என்விஎம்இயில் ஒன்று. திருப்பிக் கொடுப்பதற்குள் மூன்று வாரம் போய்விட்டது.

பிறகு வாங்கியது வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூ எஸ்என்570, 1 டிபி. நொடிக்கு 3500 எம்பி வரை படிக்கும் என்கிறார்கள். என்னுடைய பழைய ஹார்ட் டிஸ்க் 100 தாண்டினாலே பெரிது. லைட்ரூமின் கேட்டலாக் (படப் பட்டியலும் திருத்தங்களும் இருக்கும் ஃபைல்), ப்ரிவியூ, இந்த மாதத்து ரா ஃபைல்கள் எல்லாம் இதில். பழைய வேலைகள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கின்றன. ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவது இப்போது கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: முந்நூறு படத்தை ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்ய முன்பு 41 நிமிடம், இப்போது 36. அது பிராசஸரின் வேலை, அதை மாற்ற வழியில்லை. எக்ஸ்போர்ட் வேகத்துக்காக மட்டும் எஸ்எஸ்டி வாங்க நினைத்தால் வேண்டாம்.

மிச்சப் பணத்தைத் திரைக்குப் போடுங்கள். இதை நான் தாமதமாகத்தான் செய்தேன், அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மலிவு லேப்டாப் பேனல்கள் பல 45 சதவீத என்டிஎஸ்சி (வண்ண வீச்சை அளக்கும் ஒரு பழைய அளவுகோல்) வகை. திரைகளுக்கான பொது வண்ண வீச்சான எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் ஒரு பங்கு வண்ணங்களாவது அதில் தெரியவே தெரியாது. அந்தத் திரையைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் முதல் வருட ஆல்பத்தை முழுக்கத் திருத்தினேன். அச்சாகி வந்தபோது முகமெல்லாம் ஒரு படி இருண்டு, கன்னத்தில் இருந்த சிவப்பு மண் நிறமாகியிருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன்.

பேனலையே மாற்றலாமா என்று யோசித்தேன். கனெக்டர் பின் எண்ணிக்கை, பிடிமானம் எல்லாம் ஒத்துவர வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் காட்டும் 24 அங்குல ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) மானிட்டர் ஒன்றை, பயன்படுத்தியதாகவே வாங்கி எச்டிஎம்ஐயில் இணைத்திருக்கிறேன். நண்பரிடம் கேலிபிரேட்டரை (திரையின் நிறத்தை அளந்து சரிசெய்ய உதவும் கருவி) இரவல் வாங்கி, வெளிச்சத்தை 110 நிட்ஸில் (திரை வெளிச்சத்தின் அலகு) நிறுத்தினேன். முதல் நாள் மங்கலாகத்தான் தெரிந்தது, அப்புறம் பழகிவிட்டது. அச்சும் திரையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஒத்துப்போகின்றன.

இன்னும் கைக்கு எட்டாதது 2023-இல் லைட்ரூமுக்கு வந்த ஏஐ டீநாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) ஒன்றுதான். அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். என்னிடம் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கிறது. இருட்டில் எடுத்தவற்றில் பத்துப் பன்னிரண்டை மட்டும் பொறுக்கி, தூங்கப் போகும்முன் ஓடவிட்டுவிடுகிறேன்.