சமர்கந்தா, புகாராவா: எங்கே இளைப்பாறுவது?

தரைவழியாக மத்திய ஆசியாவைக் கடப்பவர்கள் உஸ்பெகிஸ்தானில் இரண்டு மூன்று நாள் தங்க நினைக்கும்போது இந்தக் குழப்பம் வரும். பார்ப்பதற்கு எது பெரிது என்பது வேறு கேள்வி. இங்கே ஓய்வு மட்டும்தான் கணக்கு.

வந்து சேர...
சமர்கந்து: தஜிகிஸ்தானின் பஞ்சகென்ட் பக்கமிருந்து வருபவர்களுக்கு வசதி. 2010-ல் மூடிய அந்த எல்லை 2018-ல் மறுபடி திறந்தது.
புகாரா: துர்க்மெனிஸ்தானிலிருந்து வந்தால் முதலில் வரும் பெரிய ஊர். ஆனால் ரயில் நிலையம் தள்ளி, ககானில் இருக்கிறது. டாக்ஸி பிடிக்கத்தான் வேண்டும்.

சும்மா இருக்க...
சமர்கந்து: ரெகிஸ்தான் சதுக்கமும் ஷா-இ-சிந்தா கல்லறை வளாகமும் பிரமாதம். ஆனால் இடையில் அகன்ற சாலைகள், போக்குவரத்து. அங்கே போனால் கால் ஓயாது.
புகாரா: பழைய நகரம் முழுவதும் நடை தூரம். 17-ஆம் நூற்றாண்டின் லியாபி ஹவுஸ் குளக்கரையில், முசுக்கட்டை மர நிழலில் தேநீரோடு ஒரு மதியத்தையே கழிக்கலாம். நகரின் பல குளங்களைச் சோவியத் காலத்தில் நோய்க்குப் பயந்து தூர்த்துவிட்டார்கள், இது தப்பியது. மாலையில் அப்படியே நடந்து, 1127-ல் எழுந்த கல்யான் மினார் வரை போய்வரலாம்.

வெயில்...
சமர்கந்து: சுமார் 700 மீட்டர் உயரம், கொஞ்சம் தேவலை.
புகாரா: பாலைவன ஓரம். ஜூலையில் வாட்டும்.

வண்டி ரிப்பேர், உதிரிபாகம் என்று வேலை இருந்தால் பெரிய நகரமான சமர்கந்துதான் சரி, கோடையிலும் அதுவே. வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ, உடம்பு மட்டும் களைத்திருந்தால், யோசிக்காமல் புகாரா.